பழைய மட்டைகளை ஆடிப் பார்க்க வேண்டும்

கண்டிக்குக் கிழக்கே திகனையில், விக்டோரியா நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி விரிந்து கிடக்கிறது விக்டோரியா கோல்ஃப் மைதானம். டொனால்ட் ஸ்டீல் வடிவமைத்த இது 1999இல் திறக்கப்பட்டது. இன்னும் மேலே மலையேறினால், 1889இல் தொடங்கிய நுவரெலியா கோல்ஃப் கழகம். இடைப்பட்ட 110 ஆண்டுகளில் ஆட்டக்காரரின் கையிலிருந்த மட்டை முற்றிலும் மாறிவிட்டது.

நுவரெலியாக் கழகம் தொடங்கிய காலத்தில் மட்டையின் தண்டு ஹிக்கரி மரம். வீசும்போது அது வளைவதோடு முறுகவும் செய்யும்; அவசரப்பட்டு அடித்தால் பந்து பக்கவாட்டில் போய்விடும். உருக்குத் தண்டை அமெரிக்கா 1924இலும் பிரித்தானியா 1929இலும் அனுமதித்தன. மட்டைகளுக்கு இருந்த மாஷி, நிப்ளிக் போன்ற பெயர்கள் மறைந்து எண்கள் வந்தன. 1960களில் மட்டை வடிவமைப்பாளர் கார்ஸ்டன் சோல்ஹைம் இரும்பு மட்டையின் எடையை ஓரங்களுக்கு நகர்த்தினார். நடுவில் படாத அடியும் ஓரளவு நேராகச் சென்றது. 1979இல் டெய்லர்மேட் நிறுவனம் நெடுந்தூர மட்டைக்கு உருக்குத் தலையைக் கொண்டுவந்தது. பெர்சிமன் மரத்தலை மெல்ல விடைபெற்றது.

பழைய மட்டைகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தால் இந்த வரலாறு பாதிதான் புரியும்.

ஹிக்கரித் தண்டை நிதானமாக வீசிப் பார்ப்பவருக்கே அக்கால ஆட்டத்தின் அருமை தெரியும். ஸ்கொட்லாந்திலும் அமெரிக்காவிலும் ஹிக்கரிப் போட்டிகள் இன்றும் நடக்கின்றன. மலைநாட்டுக் கழகங்களும் ஆண்டுக்கு ஒரு நாளை இதற்கு ஒதுக்கலாம். அன்று உறுப்பினர்களோடு, பை சுமக்கும் தொழிலாளர்களும் அயல் பாடசாலை மாணவர்களும் அந்த மட்டைகளைப் பிடித்து ஆட வேண்டும்.