குப்பை எடுக்க ஆள் வராத 39 நாள்

எங்கட சொஃப்ட்வேர் வேலையில் ‘குப்பை சேகரிப்பு’ என்றே ஒரு விஷயம் இருக்கு. புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்போது, பாவித்து முடிந்த நினைவகத்தைப் பின்னால் இருந்து சத்தமில்லாமல் துப்புரவாக்கும் பகுதி அது. ஒழுங்காக நடக்கும்வரை ஒருவரும் அதைப் பற்றி யோசிக்கிறதில்லை. அது நின்று, நினைவகம் நிரம்பி, எல்லாம் இழுபட்டு விழும்போதுதான் அப்படி ஒன்று இருந்ததே ஞாபகம் வரும்.

2009 கோடையில் ரொறன்ரோ நகரத்துக்கு அதுதான் நடந்தது.

ஜூன் 22 அன்று மாநகர ஊழியர்கள் சுமார் 24,000 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். குப்பை வண்டி மட்டும் நிற்கவில்லை. மாநகரம் நடத்தும் பிள்ளைப் பராமரிப்பு நிலையங்கள், நீச்சல் குளங்கள், தீவுக்குப் போகும் படகு எல்லாம் நின்றது. அதுவும் பள்ளிக்கூட விடுமுறை தொடங்குகிற நேரம். வேலைக்குப் போகிற அம்மா அப்பாவின் பாடு எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

குப்பையை என்ன செய்வது? பூங்காக்களிலும் வாகனத் தரிப்பிடங்களிலும் தற்காலிகக் குப்பை மேடுகளை மாநகரம் திறந்தது. கிறிஸ்டி பிற்ஸ் பூங்காவில் குளிர்காலத்தில் பிள்ளைகள் ஹொக்கி விளையாடும் இடம் கறுப்புப் பைகளால் நிரம்பியது. பூச்சிமருந்து அடித்தபோது அக்கம்பக்கத்தார் எதிர்த்து நின்றார்கள். குப்பை மாற்று நிலையங்களுக்குக் காரில் கொண்டு போனவர்கள் நீண்ட வரிசையில் காத்திருந்தார்கள். மறியலில் நின்ற ஊழியர்கள் கார்களை மறித்து மறித்துத்தான் உள்ளே விட்டார்கள்.

வீட்டுக்குள் சமையல் கழிவுதான் பெரிய தலையிடி. எங்கட சமையலைக் கேட்க வேண்டுமா? மீன் தலை, இறால் கோது, ஆட்டெலும்பு. பேப்பரில் சுற்றி ஃப்ரீசரில் வைப்பதுதான் அப்போது கன வீடுகளில் நடந்த வைத்தியம். அந்த ஜூலை வழக்கத்தைவிடக் குளிராக இருந்தது நகரத்தின் அதிர்ஷ்டம்.

ஒரே நகரத்தின் மேற்குப் பக்கமான எட்டோபிக்கோவில் மட்டும் குப்பை வண்டி வழமைபோல வந்தது. அங்கே அந்த வேலை முன்பே தனியார் கையில் இருந்தது. மற்றப் பகுதி ஆட்கள் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

பிரச்சினையின் மையம் சுகயீன விடுப்பு. வருடத்துக்கு 18 நாள். எடுக்காத நாட்களைச் சேர்த்து வைத்து, ஓய்வு பெறும்போது ஆறு மாதச் சம்பளம்வரை காசாக வாங்கலாம். அதை மாநகரம் நிறுத்தப் பார்த்தது. ஜூலை 31 அன்று எல்லாம் முடிந்தபோது, பழைய ஊழியர்களுக்கு அது தொடரலாம், புதியவர்களுக்குக் கிடையாது என்று ஆனது. 2008இன் பொருளாதாரச் சரிவில் வேலை போனவர்கள் நிறைய இருந்த நேரம். எங்களுக்கே இல்லாதது இவர்களுக்கு எதற்கு என்ற கோபம் ஊரெல்லாம் இருந்தது. அதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கோபத்துக்குள் இன்னொன்றும் ஒளிந்திருந்தது: ‘குப்பை அள்ளுகிறவனுக்கு’ இவ்வளவா?

அந்தக் கோபம் வாக்குச்சீட்டுவரை போனது. 2010இல் ரொப் ஃபோர்ட் மேயரானார். 2012இல் யங் வீதிக்கு மேற்கே மிச்சமிருந்த பகுதியும் தனியாரிடம் போனது.

‘படிக்காட்டி குப்பை அள்ளத்தான் போவாய்.’ எங்கட வீடுகளில் இதைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளை குறைவு. இது வெறும் படிப்புப் பயமுறுத்தல் இல்லை. தமிழ்நாடென்றாலும் யாழ்ப்பாணமென்றாலும், இந்த வேலையைச் சில சாதிகளின் தலையில் கட்டிவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்ட சமூகம் எங்களுடையது. விமானத்தில் ஏறும்போது பெட்டியோடு அந்த வசனமும் கூடவே வந்துவிட்டது. 2025 ஆகஸ்டில் சென்னையில் தூய்மைப் பணியாளர்கள், தங்கள் மண்டலங்களைத் தனியாருக்குக் கொடுக்க வேண்டாம் என்று ரிப்பன் மாளிகை முன்னால் பதின்மூன்று நாள் இருந்தார்கள். கடைசியில் நள்ளிரவில் கைது செய்து அப்புறப்படுத்தப்பட்டார்கள். அந்தப் படங்களில் இருந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கன பேர் பிள்ளைகளின் அம்மாக்கள்.

நீங்கள் இருக்கும் நகரத்திலும் ஒருநாள் இப்படி வண்டி நிற்கலாம். அப்போது பிள்ளை கேட்கும், “அம்மா, ஏன் வரேல்லை?” ‘சோம்பேறிகள்’ என்று சொன்னால் ஒரு சொல்லில் முடிந்துவிடும். அவர்கள் என்ன கேட்கிறார்கள், மாநகரம் ஏன் மறுக்கிறது, எங்களுக்கு என்ன கஷ்டம் என்று மூன்றையும் சொல்லிப் பாருங்கள். பத்து வயசுப் பிள்ளைக்கு அது வடிவாக விளங்கும். யார் பக்கம் என்பதைப் பிறகு அதுவே யோசிக்கட்டும்.

அதுவரைக்கும் ஒரு சின்ன வேலை. இந்தக் கிழமை குப்பைத் தொட்டியை வெளியில் வைக்கும்போது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கோ. உடைந்த கண்ணாடியைத் தனியாகச் சுற்றி, மேலே எழுதி ஒட்டச் சொல்லுங்கோ. ஏன் என்று கேட்டால், “இதை எடுக்கிற அண்ணாவின்ட கை வெட்டுப்படக் கூடாது” என்று சொல்லுங்கோ.