ஐந்தாவது நிபந்தனை

அம்மாவுக்கு எண்பத்தோரு வயது. போன ஆடியில் கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. செங்கல்பட்டில் அறுவை முடிந்து உத்திரமேரூர் வீட்டுக்குக் கூட்டி வந்த மாலையே, இரவும் பகலும் கூட இருந்து பார்த்துக்கொள்ள ஏஜென்சி ஒன்றிலிருந்து ஒரு பெண் வந்தார். அவரைக் கொண்டுவந்து விட்ட மேற்பார்வையாளர் தம்பி நாலு பக்கத் தாளை நீட்டினார். அப்போதுதான் ஆம்புலன்ஸிலிருந்து அம்மாவை இறக்கிக் கட்டிலில் கிடத்தியிருந்தோம். வலியில் அவர் முனகுவது கூடத்தில் கேட்டுக்கொண்டிருந்தது.

"எல்லாரும் போடறதுதான்க்கா. சும்மா ஒரு ஃபார்மாலிட்டி. இங்க, இங்க, அப்புறம் கடைசிப் பக்கத்துல."

போட்டேன். முழுக்க ஆங்கிலம், எறும்பு ஊர்வது போலப் பொடி எழுத்து. படிக்கத் தெரியாதவள் இல்லை நான். படிக்கும் மனநிலை அப்போது இல்லை.

பன்னிரண்டாம் நாள் உடம்பு துடைக்கும்போது வாடை வந்தது. ஒருக்களித்துப் பார்த்தால், வால் எலும்புக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கறுத்து, நடுவில் வெடித்திருந்தது. படுக்கைப்புண். எழ முடியாதவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்பது படுத்த நோயாளியைப் பார்ப்பதில் அரிச்சுவடிப் பாடம். 'நர்ஸ்' என்று சொல்லி அனுப்பப்பட்ட அந்தப் பெண், மூன்று மாதம் முன்புவரை துணிக்கடையில் வேலை பார்த்தவர். "திருப்பணும்னு எனக்கு யாருமே சொல்லித் தரலக்கா" என்று அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். வந்த கோபத்தை அவர்மேல் காட்ட எனக்கு மனம் வரவில்லை.

ஏஜென்சிக்குப் போன் செய்தேன். அதே தம்பி, குரலை உயர்த்தாமல், "அஞ்சாவது கண்டிஷன் படிச்சுப் பாருங்கக்கா" என்றார். படித்தேன். ஊழியரின் கவனக்குறைவால் நேர்ந்தாலும்கூட, காயம், இழப்பு, மரணம் எதற்கும் நிறுவனம் பொறுப்பாகாது. வழக்குத் தொடரும் உரிமையைக் குடும்பத்தார் விட்டுக்கொடுக்கிறார்கள். ஏழாவது, எந்தத் தகராறும் சென்னை நீதிமன்றங்களில் மட்டுமே. மரணம் என்ற சொல்லுக்கு நேர் கீழே என் கையெழுத்து.

இங்குள்ள கோர்ட்டில் வழக்காடும் என் தோழியிடம் தாளைக் கொண்டுபோனேன். அவள் முதலில் சொன்னது ஒரு சேலைக் கதை. சென்னையில் லாண்டரிக்குப் போட்ட புதுச் சேலை தொலைந்துபோனது. துணி தொலைந்தால் சந்தை விலையில் 15 சதவீதம்தான் தருவோம் என்று ரசீதில் அச்சடித்திருப்பதைக் கடைக்காரர் காட்டினார். அப்படியொரு நிபந்தனை பொதுநலனுக்கு விரோதம், செல்லாது என்றது சென்னை உயர் நீதிமன்றம். 1966-ம் ஆண்டின் தீர்ப்புத் திரட்டில் 'லில்லி ஒயிட்' வழக்கு என்ற பெயரில் அது இருக்கிறது. சட்டம் படிப்பவர்கள் இன்றும் படிக்கிறார்கள். தீர்ப்பின் அடிப்படை 1872-ம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 23-வது பிரிவு. ஒரு சேலைக்கு இவ்வளவு யோசித்த சட்டம் ஒரு தாயின் முதுகுக்கு யோசிக்காதா என்று கேட்டேன்.

யோசிக்கும், ஆனால் கையெழுத்தை அலட்சியமாக நினைக்காதே என்றாள். கூரியரில் அனுப்பிய ஆவணங்கள் போய்ச் சேராத ஒரு வழக்கில், கையெழுத்திட்ட ரசீதில் கண்ட 100 டாலர் வரம்பே செல்லும் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே நீதிமன்றம் பத்து வருடம் முன்னால், 1986-ல், பேரம் பேசும் வலு இல்லாதவர்மேல் திணிக்கப்பட்ட அநியாய நிபந்தனை செல்லாது என்றும் சொல்லியிருக்கிறது. எந்தப் பக்கம் சாயும் என்பது யார், எந்த நிலையில், எதற்காகக் கையெழுத்திட்டார் என்பதைப் பொறுத்தது. அமெரிக்காவில் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1963-லேயே இதை நேராகச் சந்தித்தது. பல்கலைக்கழக மருத்துவமனையில் சேரும்போது, கவனக்குறைவுக்குக்கூட வழக்குப் போட மாட்டேன் என்று ஒரு நோயாளி எழுதிக்கொடுத்திருந்தார். நோயோடு வாசலில் நிற்பவருக்குப் பேரம் பேச ஏது வழி என்று கேட்டு அந்தத் தாளை நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. பிரிட்டனில் 1977-ல் இயற்றிய சட்டத்துக்குப் பிறகு, கவனக்குறைவால் நேரும் மரணத்துக்கும் காயத்துக்கும் பொறுப்பில்லை என்று எந்தத் தொழில் நிறுவனமும் எழுதி வாங்க முடியாது. நம் சட்ட ஆணையமும் 1984-லும் 2006-லும் அநியாய நிபந்தனைகளைப் பற்றி அறிக்கை கொடுத்தது. பிரிட்டனைப் போன்ற பட்டவர்த்தனமான தடை நம் ஒப்பந்தச் சட்டத்தில் இன்னும் ஏறவில்லை. எனக்கு இதில்தான் ஆற்றாமை.

இருப்பது 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். அநியாய ஒப்பந்தம் என்றால் என்ன என்பதை அது விளக்குகிறது; அதைச் செல்லாதென்று அறிவிக்க மாநில ஆணையத்துக்கு அதிகாரம் தருகிறது. சேவைக் குறைபாட்டுக்கு மாவட்ட ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம் என்பதால், அந்த ஏழாவது நிபந்தனையைப் பார்த்து மிரள வேண்டியதில்லை. புண்ணின் படம், தேதி, பில், வாட்ஸ்அப் செய்தி, டாக்டர் சீட்டு எல்லாவற்றையும் அன்றே எடுத்து வைத்தேன்.

ஏஜென்சிக்காரர்கள் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. எண்பது வயது உடம்பு யார் தப்பும் இல்லாமலே விழும். கரண்ட் போனால் ஆக்சிஜன் இயந்திரம் நிற்கும். குடும்பமே மாத்திரையை மாற்றிக் கொடுத்துவிட்டு ஊழியர்மேல் பழி போடுவதும் உண்டு. இன்னின்ன ஆபத்து இருக்கிறது என்று முன்கூட்டிச் சொல்லி, புரிந்ததற்கு அடையாளமாக ஒப்பம் வாங்கட்டும். நாங்கள் தப்பே செய்தாலும் கேட்காதே என்று வாங்குவது வேறு. இரண்டையும் ஒரே தாளில் கலந்து, ஒரே கையெழுத்தில் முடிப்பதுதான் கொடுமை. அந்தக் கலப்பில் கடைசியில் மாட்டிக்கொள்வது வந்து வேலை செய்யும் பெண்கள். நாம் கொடுக்கும் தொகையில் ஒரு பங்குதான் அவர்கள் கைக்குப் போகிறது. பயிற்சி கிடையாது, இரவுத் தூக்கம் கிடையாது. நிறுவனம் கை கழுவிய பிறகு, கட்டிலோரம் தனியாக நிற்பது அவர்கள்தான்.

எங்கள் ஊர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய குடவோலைத் தேர்தல் கல்வெட்டுகளைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். தேர்தலை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரையும், அவன் உறவினர் பெயரையும் ஓலையில் எழுதிக் குடத்தில் இடக்கூடாது என்ற வரிதான் இப்போதெல்லாம் என்னைப் பிடித்து நிறுத்துகிறது. பொறுப்பை ஏற்றவன் கணக்குச் சொல்ல வேண்டும் என்பதை ஊர் நடுவே, எல்லோர் கண்ணிலும் படும்படி வெட்டி வைத்திருந்தார்கள்.

2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் எங்கள் வீட்டுக்கும் பிசியோதெரபிஸ்ட் வந்தார். அம்மாவை எப்படித் திருப்புவது, எங்கே தலையணை வைப்பது என்று அவர்தான் எங்களுக்குச் செய்து காட்டினார். ஆனால் இரவெல்லாம் கூட இருக்க ஆள் வைப்பது அந்தத் திட்டத்தின் வேலை இல்லை. பிள்ளைகள் ஒரகடத்திலும் சென்னையிலும் வேலையில் இருக்கும் வீடுகளுக்கு மறுபடி ஏஜென்சிதான் கதி.

இன்னொரு ஏஜென்சியைக் கூப்பிட்டேன். அவர்களும் தாள் கொண்டுவந்தார்கள். இந்த முறை வந்தவரை உட்காரச் சொல்லி, மோர் கொடுத்து, வரி வரியாகப் படித்தேன். நான்காம் பத்தியில் அதே வாசகம். பேனாவால் அடித்தேன். பக்கத்தில், 'இரண்டு மணி நேரத்துக்கொருமுறை திருப்பிப் படுக்க வைத்து நேரம் குறிக்கப்படும், வருபவரின் பயிற்சிச் சான்று காட்டப்படும்' என்று தமிழில் எழுதினேன். அவர் அலுவலகத்துக்குப் போன் போட்டுப் பேசினார். திரும்பி வந்து, அடித்த இடத்திலும் எழுதிய இடத்திலும் சுருக்கொப்பம் போட்டார். மோர் டம்ளர் காலியாவதற்குள் முடிந்துவிட்டது.