மிஷன் காணி யாருக்கு?



கடந்த மாதம் நமது பாடசாலை மண்டபத்தில் நடந்த கூட்டத்துக்கு எல்லா டிவிசன்களில் இருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். சம்பளப் பேச்சுக்குக்கூட இத்தனை பேர் கூடி நாம் பார்த்ததில்லை. உள்ளே இடமில்லாமல் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டவர்கள் பலர். எல்லோரையும் இழுத்து வந்த விடயம் ஒன்றுதான்: தொழிற்சாலைக்கு மேலே சவுக்கு மரங்களுக்கு நடுவே காடு மண்டிக் கிடக்கும் மிஷன் காணி.

அந்த நான்கு ஏக்கரை அறியாதவர் நம்மில் இல்லை. ஒரு காலத்தில் அங்கே சிற்றாலயம் இருந்தது, உபதேசியார் வீடு இருந்தது, நம் பாட்டன் பாட்டிமார் அரிச்சுவடி படித்த ஒற்றை அறைப் பள்ளிக்கூடமும் இருந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்ற பின்னர் பள்ளிக்கூடம் கீழே வந்துவிட்டது. கடைசி உபதேசியார் போன பிறகு வேறொருவர் வரவில்லை. இன்று மிச்சம் இருப்பது கூரையில்லாத நான்கு சுவரும் ஒரு கல்லறைத் தோட்டமும்தான்.

இப்போது அந்தக் காணிக்கு ஒரு வரைபடம் வந்திருக்கிறது. சொத்தைப் பராமரிக்கும் சபை அதை விற்க இருக்கிறது. வாங்க வருபவர் 15 பேர்ச்சஸ் வீதம் 28 துண்டுகளாகப் பிரித்து, வீடு கட்டுவோருக்கு விற்க இருக்கிறார். வரைபடத்தில் றோட் இருக்கிறது, வாகனம் திருப்ப இடம் இருக்கிறது, மலையும் நீரோடையும் தெரியும் பக்கத்தில் விலை கூடிய துண்டுகள் இருக்கின்றன. நாம் மட்டும் எங்கும் இல்லை.

கூட்டத்தில் மூன்று விதமான பேச்சு எழுந்தது. வேதக்கோயில் குடும்பங்கள், "இது கர்த்தருக்கென்று விட்ட காணி. எங்கள் முன்னோர் அங்கே உறங்குகிறார்கள். விற்கவும் கூடாது, வீடு கட்டவும் கூடாது" என்றார்கள். கோயில் கமிட்டிக்காரர்கள், "விற்பதென்றால் மாரியம்மன் கோயிலுக்குத் தரட்டும், திருவிழாவுக்கு ஒரு மண்டபம் கட்டுவோம்" என்றார்கள். இளைஞர்கள் சிலர், "யார் வாங்கினால் என்ன? றோட் வரும், நமக்குக் கட்டட வேலை கிடைக்கும்" என்றார்கள். அரை மணி நேரத்துக்குள் பேச்சு உங்கள் சாமி, எங்கள் சாமி என்று திரும்பிவிட்டது. ஒரே மலையில் ஒன்றாகக் கொழுந்து பறிப்பவர்கள் ஒருவரையொருவர் விரல் நீட்டிப் பேசினார்கள்.

அப்போது பின் வாங்கில் இருந்து ஓய்வுபெற்ற ஓர் அம்மா எழுந்தார். "சாமிக்கு எடம் தேடுறீங்க, சந்தோசம். மேல் லயத்துல எட்டுப் பேரு ஒரே காம்பராவுல கெடக்குறோம். பெரிய மழ பேஞ்சா இதே மண்டபத்துலதான் பாயப் போட்டுப் படுக்குறோம். எங்களுக்கு எடம் எங்கன்னு ஒருத்தரும் கேக்கலயே?" என்றார்.

மண்டபம் அடங்கியது. நமது கிளையின் நிலைப்பாடு அந்த அம்மாவின் கேள்வியில் இருந்தே தொடங்குகிறது.

மேல் லயங்கள் இரண்டிலும் 38 குடும்பங்கள் இருக்கின்றன. அந்த இடம் மண்சரிவு அபாயம் உள்ளது என்று எழுத்தில் சொல்லியாகிவிட்டது. மாற்று இடம் எங்கே என்று மட்டும் யாரும் எழுத்தில் சொல்லவில்லை. மழை இறுகினால் மேசை கதிரைகளை ஒதுக்கி வகுப்பறையைத் திறந்துவிடுவது ஆசிரியர்களாகிய எங்கள் வேலை. மழை விட்டதும் அந்தக் குடும்பங்கள் அதே வெடித்த சுவருக்குள் திரும்பிப் போகின்றன. மறுநாள் அதே வகுப்பறையில் அந்தப் பிள்ளைகளை உட்கார வைத்து நாங்கள் இடாப்பு கூப்பிடுகிறோம்.

மீரியபெத்தையை மறந்துவிட்டோமா? 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தைக்கு அருகே அந்தத் தோட்டத்து லயங்கள் மலையோடு சேர்ந்து புதைந்தன. அதுவும் முன்னரே எச்சரிக்கப்பட்ட இடம்தான். பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. எச்சரிக்கைக் கடிதம் யாரையும் காப்பாற்றாது. போய் இருக்க ஒரு துண்டு நிலம் வேண்டும். அப்படி ஒரு நிலம் நம் கண்ணெதிரே கிடக்கும்போது, அது எந்த மதத்துக் காணி என்று நாம் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். நாம் சண்டை போடப் போட, வாங்க வந்தவருக்கு வேலை சுலபம்.

முதலில் வேதக்கோயில் உறவுகளுக்கு ஒரு வார்த்தை. கல்லறைகளைத் தொடக்கூடாது என்கிறீர்கள். அது நியாயம், நாங்களும் அதையே சொல்கிறோம். அங்கே கிடப்பவர்கள் நம் எல்லோருக்கும் முன்னோர். ஆனால் விற்பனை வரைபடத்தை இன்னொரு முறை பாருங்கள். கல்லறைத் தோட்டத்தைச் சுற்றி ஒரு கோடு இருக்கிறது, அதற்குப் போக நமக்கு ஒரு வழி இல்லை. நாளை அந்தக் காணியில் மாடி வீடு கட்டி வேலி அடைப்பவரிடம் அனுமதி கேட்டா நீங்கள் நவம்பர் மாதம் மெழுகுதிரி ஏற்றப் போவீர்கள்?

கர்த்தருக்கு விட்ட காணி என்கிறீர்கள். அதையும் ஏற்கிறோம். யாருக்காக விட்டது என்றும் சேர்த்துக் கேளுங்கள். 1854இல் மலைநாட்டில் ஒரு மிஷன் தொடங்கியது. அதன் பெயரே தமிழ்க் கூலி மிஷன். தோட்டங்களுக்குள் வந்த மிஷன் பணி தோட்டத் தொழிலாளரைக் காட்டியே நிலம் கேட்டது, நன்கொடை கேட்டது, பள்ளி நடத்தியது. நம் தோட்டத்து மிஷனும் நமக்கென்று சொல்லித்தான் இங்கே வந்தது. நம்மைக் காட்டிப் பெற்ற நிலத்தை விற்கும்போது நம்மிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? பிற ஊர்களில் ஆலயம் திருத்தப் பணம் தேவை என்று சொல்லப்படுகிறது. தேவை இருக்கலாம். ஆனால் ஓட்டைக் கூரையின் கீழ் இருப்பவனின் நிலத்தை விற்று இன்னொரு கூரையைத் திருத்துவது எந்த வேதத்துக்கும் அடுக்காது.

கோயில் கமிட்டிக்காரர்களே, உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மாரியம்மனுக்கு நம் தோட்டத்தில் கோயில் இருக்கிறது. ஒவ்வொரு மலைக்கும் ஒரு காவல் தெய்வம் இருக்கிறது. தெய்வத்துக்கு இங்கே குறை வைத்தவர் யாருமில்லை. திருவிழா வருடத்தில் சில நாள். மேல் லயத்துக்கு மழை வருடத்தில் பாதி நாள். மண்டபம் பிறகு கட்டலாம், நாங்களும் சம்பள நாளில் காசு சேர்த்துத் தருவோம். இந்தக் காணியில் கோயில் பெயரை நீங்கள் இழுத்தால், இரண்டு மதக்காரர் அடித்துக்கொள்கிறார்கள், யாருக்கும் தர முடியாது என்று சொல்லி வெளியாளுக்கு விற்க வழி பிறக்கும்.

இளைஞர்களுக்கு ஒரு கணக்கு. பேர்ச்சஸ் ஒன்று ஒரு இலட்சம் ரூபா என்றே வைத்துக்கொள்ளுங்கள். 15 பேர்ச்சஸ் துண்டு 15 இலட்சம். 2024இல் நமது நாள் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபா என்று நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கணக்கில் மாதம் 25 நாள் பேர் விழுந்தால் 33,750 ரூபா. சேமலாப நிதிக்கு வெட்டாமல், அரிசி வாங்காமல், பிள்ளைக்குக் கொப்பி வாங்காமல், 44 மாதச் சம்பளத்தை அப்படியே கொடுத்தாலும் வெறும் மண்ணுக்கே போதாது. வங்கிக் கடன் கேட்டால் காணி உறுதி எங்கே என்பார்கள். அந்த 28 துண்டில் ஒன்றுகூட நமக்கு வராது. கட்டட வேலை ஓராண்டு கிடைக்கும். அதன் பிறகு அந்த வீட்டுக்காரரின் தோட்டத்துப் புல் வெட்டக் கூப்பிடுவார்கள்.

இனி அதே காணியை நம் கணக்கில் போடுவோம். நான்கு ஏக்கர் என்பது 640 பேர்ச்சஸ். விற்பனை வரைபடத்தில் வீட்டுத் துண்டுகளுக்குப் போவது 420 பேர்ச்சஸ். மீதி 220 பேர்ச்சஸ் றோட்டுக்கும் கானுக்கும் கல்லறைத் தோட்டத்துக்கும் இருக்கிறது. 420ஐ 10 பேர்ச்சஸ் வீதம் பிரித்தால் 42 வீடு. மேல் லயத்துக் குடும்பங்கள் 38. கர்த்தருக்கும் இடம் மிஞ்சும், ஒரு முன்பள்ளிக்கும் இடம் மிஞ்சும். கணக்கில் இடிக்கவில்லை. இடிப்பது மனதில்தான்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு உண்டு. அதைச் சொன்னவர் நம் சங்கத்தின் மூத்த தலைவர் ஒருவரே. "மிஷன் காணியில் 38 பேரை ஏற்றிவிட்டால், உங்களுக்குத்தான் காணி கிடைத்துவிட்டதே என்று அரசும் கம்பனியும் கையைக் கழுவிவிடும். தோட்டக் காணியில் நமக்குள்ள உரிமை போய்விடும்" என்றார். இந்தப் பயம் காரணமில்லாதது அல்ல. 1840இன் கட்டளைச் சட்டம் கண்டிச் சீமையின் காட்டு நிலங்களை முடிக்குரியது என்று வைத்து, கிராமத்து மக்களின் கையில் இருந்து பறித்தது. துரைமார் வாங்கினார்கள், நம் முப்பாட்டன்மார் காடு வெட்டினார்கள். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவர் ஆக்கியது. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போயின. காணி கைமாறிய ஒவ்வொரு முறையும் தேயிலைச் செடியோடும் தொழிற்சாலை இயந்திரத்தோடும் சேர்த்து நாமும் ஒப்படைக்கப்பட்டோம். காணிக்கு உரியவர் என்று ஒருமுறையும் நம் பெயர் எழுதப்படவில்லை.

வாக்குறுதிக்கும் குறைவில்லை. 7 பேர்ச்சஸ் என்றார்கள், பிறகு 10 பேர்ச்சஸ் என்றார்கள். 2017இல் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடு என்று அறிவித்தார், நாம் கை தட்டினோம். வீடு கட்டி முடித்தும் காணி உறுதி கைக்கு வராமல் காத்திருந்தவர்கள் மலையகத்தில் எத்தனை பேர்!

ஆகவே மூத்தவர் சொன்னதை நாம் ஒதுக்கவில்லை, நிபந்தனையாக எழுதிக்கொள்கிறோம். மிஷன் காணி 38 குடும்பங்களின் உயிரைக் காக்க. தோட்டக் காணியில் மற்ற எல்லாக் குடும்பங்களுக்கும் உள்ள உரிமை அப்படியே நிற்கிறது. ஒன்றைக் காட்டி மற்றதை மறுக்க விடமாட்டோம். ஆனால் பெரிய உரிமை வரும்வரை சின்ன இடத்தையும் தொடக்கூடாது என்றால், அடுத்த மழைக்கு மேல் லயத்தாரிடம் போய் அதை யார் சொல்வது?

நம் பக்கத்துக் குற்றத்தையும் ஒளிக்க வேண்டாம். வீட்டுப் பட்டியல் என்று வந்தால், சந்தா எந்தச் சங்கத்துக்கு என்று பார்த்துப் பெயர் எழுதிய பழக்கம் இந்த மலையில் உண்டு. நமது சங்கமும் அதற்கு விலக்கல்ல. இந்த 38 குடும்பங்களில் நமக்குச் சந்தா தராதவர்கள் இருக்கிறார்கள், தோட்டத்தில் பேரே இல்லாதவர்களும் இருக்கிறார்கள். மண் சரியும்போது சந்தா அட்டையைப் பார்த்துச் சரிவதில்லை. பட்டியலும் பார்க்கக்கூடாது.

நமது கோரிக்கைகள் இவை:

ஒன்று, தோட்ட மக்களோடு பேசி முடிக்கும்வரை விற்பனையை நிறுத்த வேண்டும். அறக்காரியத்துக்கு விட்ட சொத்தை அந்தக் காரியத்தை மறந்து கைமாற்ற முடியுமா என்பதைச் சட்டத்தரணி மூலம் பார்க்கிறோம். தேவையானால் மாவட்ட நீதிமன்றத்துக்கும் போவோம்.

இரண்டு, பிரதேச சபை இந்த 28 துண்டு வரைபடத்துக்கு அனுமதி தரக்கூடாது. நாம் வாக்களித்து அனுப்பிய உறுப்பினர்கள் இதில் எந்தப் பக்கம் கை உயர்த்துகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்போம்.

மூன்று, அரசு அந்தக் காணியைப் பெற்று 10 பேர்ச்சஸ் வீதம் பிரித்து, மேல் லயத்துக் குடும்பங்களுக்கு முதலில் வழங்க வேண்டும். வீடு கட்டுமுன் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் அந்த மண்ணையும் பரிசோதிக்க வேண்டும். ஒரு சரிவில் இருந்து இன்னொரு சரிவுக்குப் போக நாம் கேட்கவில்லை.

நான்கு, காணி உறுதி கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருக்க வேண்டும். தனித்து வாழும் பெண்களுக்கு அவர்கள் பெயரிலேயே வேண்டும். தோட்டத்தில் வேலை செய்தால்தான் வீடு என்ற நிபந்தனை ஒரு வரிகூட இருக்கக்கூடாது.

ஐந்து, கல்லறைத் தோட்டமும் அதற்கான பாதையும் பொதுச் சொத்தாக எழுதப்பட வேண்டும்.

பாடசாலை இடாப்பில் முகவரி என்று ஒரு கட்டம் உண்டு. பக்கத்துக் கிராமத்துப் பிள்ளை அதில் வீட்டு இலக்கம் எழுதுகிறது. நம் பிள்ளை லயத்து நம்பரையும் தோட்டத்துப் பெயரையும் எழுதுகிறது. அந்தப் பிள்ளைக்கு வரும் கடிதம் தோட்டத்து ஒபிசுக்குப் போய், யாராவது கொண்டுவந்து கொடுத்தால் கைக்கு வருகிறது. 38 வீட்டுப் பிள்ளைகள் அந்தக் கட்டத்தில் தங்கள் வீட்டு இலக்கத்தை எழுத வேண்டும். நாம் கேட்பது அவ்வளவுதான்.

வரும் போயா தினம் காலை 9 மணிக்குப் பிரட்டுக்களத்தில் கூடுவோம். வேதக்கோயில் சபையாரும் கோயில் கமிட்டியாரும் ஒரே வாங்கில் உட்கார வேண்டும். மற்றச் சங்கங்களின் தலைவர்மாரையும் கொடியை வீட்டில் வைத்துவிட்டு வரும்படி அழைக்கிறோம். நாமும் நமது கொடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறோம்.