ஜொகூர் தாம்போதியும் எங்கள் பிங்கா ஓயாவும்

அலவத்துகொடயில் கடை வைத்திருப்பவனுக்குக் கண்டிக்குப் போகும் பிரதான பாதை ஏ-9 வீதிதான். பலத்த மழை பெய்து பிங்கா ஓயா பெருகினால் அக்குறணை கடைத்தெருவில் தண்ணீர் புகுந்துவிடும். எங்கள் சரக்கு லொறியும் அங்கேயே நின்றுவிடும். யாரிடம் முறையிடுவது? ஓரிடத்தில் கேட்டால் அடுத்த இடத்தைக் காட்டுவார்கள். ஓயாவோ சபை எல்லைகளைக் கேட்டுக்கொண்டு ஓடுவதில்லை.

ஒரே நாட்டுக்குள் இப்படி. சந்தை ஒன்று, நாடு இரண்டு என்றால்?

சிங்கப்பூரும் மலேசியாவின் ஜொகூர் பாருவும் அப்படிப்பட்டவை. இடையில் சுமார் ஒரு கிலோமீற்றர் கடல். அதன் மேல் 1924 முதல் ஒரு தாம்போதி. கொரோனாவுக்கு முன் நாளொன்றுக்குச் சுமார் மூன்று இலட்சம் பேர் இரு கரைக்கும் போய்வந்தார்கள். வீடு ஜொகூரில், சம்பளம் சிங்கப்பூரில். விடுமுறை நாளில் சிங்கப்பூர்க்காரர் ஜொகூர் கடைகளில் நிற்பார்.

இவர்களுக்குள் சண்டை இல்லையா என்றால், நிறைய உண்டு. ஆனால் 1962 இல் செய்த தண்ணீர் ஒப்பந்தத்தைப் பாருங்கள். நாளொன்றுக்கு 250 மில்லியன் கேலன் வரை ஜொகூர் ஆற்றிலிருந்து சிங்கப்பூர் எடுக்கலாம். ஆயிரம் கேலனுக்கு மூன்று சென். சுத்திகரித்த நீரில் ஒரு பங்கை ஜொகூர் ஐம்பது சென்னுக்குத் திரும்ப வாங்கலாம். தவணை 2061 வரை. 1965 இல் இரண்டு நாடுகளாகப் பிரிந்தபோதும் அது நின்றது. விலை அநியாயம் என்று மஹாதிர் முஹம்மத் 2018 இலும் குரல் எழுப்பினார். மூன்று சென் என்பது எந்த வியாபாரிக்கும் உறுத்தத்தான் செய்யும். ஆனாலும் குழாய் மூடப்படவில்லை. அளவு, விலை, தவணை மூன்றும் எழுத்தில் இருந்ததே காரணம் என்பேன்.

எழுத்தில் இல்லாதது என்னவாயிற்று? 2020 மார்ச் 18 இல் மலேசியா நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தியது. போக்குவரத்து ஒரே இரவில் நின்றது. வேலையைக் காப்பாற்ற ஆயிரக்கணக்கானோர் சிங்கப்பூரிலேயே தங்கினர். எல்லை முழுமையாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1 இல். இரண்டு வருட வாடகையும் வட்டியும் ஜொகூர் கடைக்காரர் தலையில். தீர்மானித்தவர்கள் தலைநகரங்களில் இருந்தார்கள்.

பிறகு இரு அரசுகளும் விடவில்லை. 2020 ஜூலையில் தாம்போதியின் நடுவில் நின்றே ரயில் திட்டத்தைத் திரும்பத் தொடங்கினார்கள். ஏறும் இடத்திலேயே இரு நாட்டுக் குடிவரவுச் சோதனையும் முடியும் என்பது ஏற்பாடு. 2025 ஜனவரியில் 3,500 சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்ட கூட்டுப் பொருளாதார வலயத்துக்கும் கைச்சாத்திட்டார்கள்.

எங்களுக்கோ கடவுச்சீட்டும் தேவையில்லை, தலைநகரும் ஒன்று. ஓயாவை எந்தச் சபை எதுவரை துப்புரவாக்கும், எந்த மாதத்தில், செலவில் யார் எவ்வளவு? அக்குறணை, அலவத்துகொட, கட்டுகஸ்தோட்டை வர்த்தகர்கள் ஒன்றாகப் போய் இந்த மூன்றையும் ஒரே கடதாசியில் கேட்கலாம். அடுத்த மழைக்கு முன் கேட்க வேண்டும். கடைக்குள் தண்ணீர் வந்த அன்று கேட்டால் நிவாரணப் படிவம்தான் கையில் கிடைக்கும்.