காபி சூடா இருந்துச்சான்னு கேட்டாங்க, கால் எப்படி இருக்குன்னு கேட்கல

ஹைதராபாத் வந்து பதினாறு வருஷம் ஆச்சு. தெலுங்கு சரளமாக வரும். வினையே அதுதான் என்று போன வாரம்தான் புரிந்தது.

அம்மாவுக்கு முழங்கால் மாற்று ஆபரேஷன் முடிந்து ஆறு மாதம். செக்கப்புக்குப் போனோம். டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்து "பர்ஃபெக்ட்" என்றார். "நொப்பி உந்தா?" என்று என்னைக் கேட்டார். நான் அம்மா பக்கம் திரும்பாமலே "லேது சார்" என்றேன். மூன்றே நிமிடம். வெளியே ஒரு பெண் டேப்லெட்டை நீட்டினார். ரூம் சுத்தமா, காபி சூடா, பார்க்கிங் வசதியா... ஐந்து நட்சத்திரம் போட்டுவிட்டு வந்தேன்.

ராத்திரி அம்மா சொன்னாள்: "படி இறங்கையில கால் மடங்கிருமோன்னு பயமா இருக்குய்யா. அதான் ரெண்டு மாசமா கோயிலுக்குப் போகல. படம் நல்லாருக்குன்னு டாக்டரே சொல்லிட்டாரு, நான் என்னத்தச் சொல்ல?"

ஆபரேஷன் யாருக்குச் செய்தோம்? அம்மாவுக்கா, எக்ஸ்ரேவுக்கா?

இதற்கு வழி இல்லாமல் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டில் உருவான ஒரு கேள்வித்தாள் 1998-லேயே வந்துவிட்டது. மொத்தம் 12 கேள்வி, 48 மதிப்பெண். மாடிப்படி இறங்க முடிகிறதா, கால் திடீரென்று கைவிட்டுவிடும் போல இருக்கிறதா என்பதெல்லாம் அதில் உண்டு. அம்மாவின் பயம் அப்படியே அச்சில் இருக்கிறது! இங்கிலாந்தின் அரசு மருத்துவத் துறை 2009 முதல், ஆபரேஷனுக்கு முன்பும் ஆறு மாதம் கழித்தும் நோயாளியிடமே இதைக் கேட்கிறது. அங்கே மருத்துவமனைகளை ஒப்பிடத்தான் அது அதிகம் பயன்பட்டது. நான் கேட்பது அதற்கும் மேலே: நோயாளி நிரப்பிய தாள், அவர் உள்ளே நுழையும்போது டாக்டர் மேஜையில் இருக்க வேண்டும்.

"வெள்ளைக்காரன் சமாச்சாரம் நமக்கு ஒத்துவராது" என்பவர்களுக்கு: இதே ஹைதராபாத்தில், 1987-ல் தொடங்கிய எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனையின் பெயரில் 2003-ல் ஒரு கேள்வித்தாள் வெளியானது. பார்வைக் குறைபாடுள்ள பள்ளிப் பிள்ளைகளுக்கு 19 கேள்விகள். கரும்பலகை தெரிகிறதா, ஊசியில் நூல் கோர்க்க முடிகிறதா என்று நம் ஊர்ப் பிள்ளையின் நாளை வைத்துக் கேட்டவை. வாயால்தான் கேட்டார்கள். ஆகவே "எழுதப் படிக்கத் தெரியாதவங்க" என்ற சாக்கும் செல்லாது. நம் முழங்கால்களுக்கும் அப்படி வேண்டும். சம்மணம் போட முடிகிறதா என்று ஆக்ஸ்ஃபோர்டு கேட்காது.

"டாக்டருக்கு நேரமில்லை." சரி, நாம் வெளியே ரெண்டு மணி நேரம் காத்திருக்கிறோமே, அந்த நேரம் யாருடையது?

"வலியெல்லாம் அவரவர் மனசு." 2017-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு: முற்றிய புற்றுநோயாளிகள் 766 பேர். தங்கள் உபாதைகளைத் தாங்களே ஒழுங்காகக் கணினியில் பதிந்தவர்களின் இடைநிலை ஆயுள் 31 மாதம். வழக்கமான சிகிச்சையில் 26. ஒன்று கவனியுங்கள்: உபாதை கூடினால் நர்சுக்குத் தகவல் போனது. படிக்க ஆளில்லாத ஃபாரம் வெறும் குப்பை. அதற்குக் கேட்காமலே இருக்கலாம்.

கடைசியாக நமக்கு. பிழைக்க வந்த ஊரில் அப்பா அம்மாவுக்கு நாம்தான் வாய். ஆனால் மொழிபெயர்க்கிறோமா, அவர்களுக்குப் பதிலாக நாமே பதில் சொல்கிறோமா? லீவு போட்ட அவசரத்தில் எத்தனை "லேது சார்" சொல்லியிருப்போம்?

அடுத்த முறை கிளம்பும் முன் பத்து நிமிடம் உட்காருங்கள். எது முடிகிறது, எது முடியவில்லை, எதைப் பயந்து விட்டுவிட்டார்கள் என்று அவர்கள் சொன்னபடியே எழுதி டாக்டரிடம் நீட்டுங்கள். நான் எழுதிவிட்டேன். முதல் வரி: கோயில் படி.

திங்கட்கிழமை மறுபடி போகிறோம். இந்தத் தடவை அம்மா பேசுவாள். நான் மொழி மட்டும்தான் பெயர்ப்பேன்.