ஜெயில் பதிவேட்டில் பெயரா? முதலில் ஜாமீன் தொகையைப் பார்!

அமெரிக்க கிராமப்புறத்தில் ஒருவரைப் போலீஸ் பிடித்துப் போனால் எங்கே தேடுவது? ஷெரீப் ஆபீசில்தான்! 'கவுண்டி' எனும் மாவட்டத்தின் ஜெயில் பெரும்பாலும் அவர் பொறுப்பு.

பிடிபட்டவரின் பெயர், குற்றச்சாட்டு, ஜாமீன் தொகை எல்லாம் பதிவேட்டில் ஏறிவிடும். பல கவுண்டிகள் இதை இணையத்தில் போடுகின்றன. சின்ன கவுண்டி என்றால் ஜெயிலுக்கே போன் போட்டுக் கேட்க வேண்டியதுதான்.

தாமதம் ஆபத்து! டெக்சாஸ் வாலர் கவுண்டியில் 2015 ஜூலை 10-ல் கைதானார் சான்ட்ரா பிளாண்ட் (வயது 28). சிக்னல் போடாமல் லேன் மாறினார் என்று மறித்ததில் தொடங்கிய தகராறு. ஜாமீன் 5,000 டாலர். சுமார் 500 கட்டினாலே வெளியே வந்திருக்கலாம். ஜூலை 13-ல் ஜெயில் அறையில் பிணமாகத் தொங்கினார்!

இன்னொன்று: பதிவேட்டில் இருப்பது கைது விவரம்தான். குற்றவாளியா, இல்லையா? அதைச் சொல்ல வேண்டியது கோர்ட்டு!