40 வயசு தாண்டியாச்சு, எழுத்து மங்குது... கண்ணாடி எப்போது போடணும்? தள்ளிப்போட்டால் யாருக்கு நஷ்டம்?

ராயக்கோட்டை மண்டிக்கு வரும் தக்காளியைத் தரம் பிரிப்பவர்களுக்குக் கை எவ்வளவு முக்கியமோ, கண்ணும் அவ்வளவு முக்கியம். சின்னக் கரும்புள்ளி இருந்தாலும் அந்தப் பழத்தைத் தனியாக எடுத்துப் போட வேண்டும். இங்கிருந்து ஓசூர் போகும் வழியில் உள்ள எலெக்ட்ரானிக்ஸ் ஆலையிலும், ஓசூர் சிப்காட்டின் சிறு பட்டறைகளிலும் வேலை வேறு என்றாலும் தேவை ஒன்றுதான். கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது தெளிவாகத் தெரிய வேண்டும்.

40 வயதைத் தாண்டியதும் முதலில் மங்குவது இந்தப் பக்கத்துப் பார்வைதான். ஆனாலும், "இப்பவே எதுக்குக் கண்ணாடி, இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம்" என்று பலரும் தள்ளிப்போடுகிறார்கள். 2025-ல் நடந்த இரண்டு மாற்றங்களால் இந்தப் பேச்சு இப்போது முக்கியமாகிறது.

என்ன மாறியது?

முதலாவது, விலை. பார்வைக் குறைபாட்டுக்கான கண்ணாடிகள் மீதான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது.

இரண்டாவது, சட்டம். புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நான்கும் 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்தன. 40 வயதைக் கடந்த தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை இலவச உடல் பரிசோதனை உண்டு என்று மத்திய அரசு அப்போது அறிவித்தது. ஆனால், எந்த வயதினருக்கு, எந்த வகைத் தொழிலாளர்களுக்கு என்பதை விதிகள் மூலம் அரசு நிர்ணயிக்கும் என்றுதான் சட்டப் பிரிவு சொல்கிறது. கண் பரிசோதனை என்று அந்தப் பிரிவில் தனியாக எதுவும் இல்லை. ரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்ததோடு முகாமை முடித்துக்கொண்டால், அந்த வயதில் அநேகமாக எல்லோருக்கும் வரும் ஒரு குறை அப்படியே விடுபட்டுப் போகும்.

வெள்ளெழுத்து என்றால் என்ன?

கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இளம் வயதில் நெகிழ்வாக இருக்கும். பக்கத்தில் உள்ளதைப் பார்க்கும்போது வளைந்து கொடுக்கும். வயது ஏற ஏற அது விறைப்பாகிவிடும். அதனால்தான் செல்போனைக் கை நீட்டிப் பிடித்துப் படிக்கிறோம், ஊசியில் நூல் கோக்கப் பிள்ளைகளைக் கூப்பிடுகிறோம். இது நோய் அல்ல, நரை மாதிரி வயதோடு வருவது.

உலகம் முழுவதும் சுமார் 82.6 கோடி பேர் வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி இல்லாமல் சிரமப்படுவதாக உலக சுகாதார நிறுவனத்தின் 2019 பார்வை அறிக்கை மதிப்பிட்டது.

கண்ணாடி போட்டா பவர் ஏறிக்கிட்டே போகுமா?

போகாது. 40-ல் தொடங்கும் வெள்ளெழுத்து 60 வயது வாக்கில்தான் ஒரு நிலைக்கு வரும். கண்ணாடி போட்டாலும் போடாவிட்டாலும் லென்ஸ் விறைப்பாவது நிற்காது. போட்டவர் அந்த 20 வருஷமும் தெளிவாகப் பார்க்கிறார். போடாதவர் தலைவலியோடு கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறார். வித்தியாசம் அவ்வளவுதான்.

கிட்டப்பார்வை உள்ள பிள்ளைகளுக்கும் 'பவரைக் கொஞ்சம் குறைச்சே போடுவோம்' என்ற எண்ணம் உண்டு. மலேசியாவில் 94 பிள்ளைகளிடம் நடத்தி 2002-ல் வெளியான ஆய்வில், பவரைக் குறைத்துப் போட்டவர்களுக்குத்தான் கிட்டப்பார்வை வேகமாக அதிகரித்தது.

தள்ளிப்போட்டால் எவ்வளவு நஷ்டம்?

இதற்கு இந்தியாவிலேயே ஒரு கணக்கு இருக்கிறது. அசாம் தேயிலைத் தோட்டங்களில் 40 வயதைக் கடந்த 751 தொழிலாளர்களிடம் நடந்த ஆய்வு 2018-ல் 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் வெளியானது. ஒரு பிரிவினருக்கு மட்டும் உடனே கண்ணாடி கொடுத்தார்கள். மற்றவர்களோடு ஒப்பிட்டால் அவர்கள் பறித்த இலையின் அளவு சுமார் 22 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது. 50 வயதைத் தாண்டியவர்களிடம் இது சுமார் 32 சதவீதம்.

வங்கதேசத்தில் 35 முதல் 65 வயது வரை உள்ள 824 பேரிடம் நடந்த ஆய்வு 2024-ல் வெளியானது. படிக்கும் கண்ணாடி கிடைத்தவர்களின் மாத வருமானம் எட்டு மாதங்களில் மற்றவர்களைவிட 33.4 சதவீதம் கூடியிருந்தது.

கூடைக்கு இவ்வளவு, பீஸுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவர்களுக்கு இந்தக் கணக்கு எளிதில் புரியும். கண் மங்கினால் கை தாமதமாகும், கை தாமதமானால் கூலி குறையும்.

சரி, எப்போது போடணும்?

பவர் எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. செய்யும் வேலையையும் பார்க்க வேண்டும்.

* பக்கத்து வேலை: தையல், அசெம்ப்ளி, தரம் பிரிப்பது, கணக்கு எழுதுவது போன்றவற்றில் சிரமம் தெரிந்தாலே போட்டுக்கொள்ளலாம். வேலை முடிந்ததும் கழற்றிவிடலாம். படிக்கும் கண்ணாடியோடு வண்டி ஓட்டக் கூடாது.
* வண்டி ஓட்டுபவர்கள்: நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்தில் உள்ள காரின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா என்று ஓட்டுநர் உரிமத்துக்கான படிவம் 1-ல் ஒரு கேள்வி உண்டு. கண்ணாடியோடு படித்தாலும் போதும். இல்லாமல் படிக்க முடியாதவர், ஓட்டும்போது கண்ணாடியைக் கழற்றவே கூடாது.
* சிறிய மைனஸ் பவர் உள்ள பெரியவர்கள்: 0.5 போன்ற அளவு என்றால் வீட்டில் கட்டாயமில்லை. இரவில் வண்டி ஓட்டும்போது தேவைப்படலாம்.
* குழந்தைகள்: மருத்துவர் சொன்னால் தள்ளிப்போடவே கூடாது. சிறு வயதில் தெளிவில்லாத கண்ணை மூளை ஒதுக்கப் பழகிவிட்டால், பிற்பாடு கண்ணாடி போட்டாலும் அந்தக் கண்ணின் பார்வை முழுதாகத் திரும்பாமல் போகலாம்.
* கிரைண்டிங், வெல்டிங் வேலை: பவர் கண்ணாடி பாதுகாப்புக் கண்ணாடி ஆகாது. அதற்கு மேல் பாதுகாப்புக் கண்ணாடியும் அணிய வேண்டும்.

கடையில் ரெடிமேடாக வாங்கலாமா?

வெள்ளெழுத்துக்கு மட்டும் என்றால், இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர் என்றால் வாங்கலாம். ஆனால், ஒருமுறையாவது கண் பரிசோதனை செய்துகொண்ட பிறகுதான். கண் நீர் அழுத்த நோய் ஆரம்பத்தில் வலியோ மங்கலோ காட்டாது. சர்க்கரை நோயாளிகளின் விழித்திரைப் பாதிப்பும் அப்படித்தான். இரண்டையும் கண்ணாடிக் கடையில் கண்டுபிடிக்க முடியாது. சர்க்கரை உள்ளவர்கள் ஆண்டுதோறும் விழித்திரையைப் பார்த்துக்கொள்வது நல்லது. திடீரென ஒரு கண் மங்கினாலோ, மின்னல் வெட்டுவது போலத் தெரிந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

அடுத்து என்ன?

பக்கத்துப் பார்வையைச் சோதிக்க ஒரு எழுத்து அட்டையும் சில நிமிடங்களும் போதும். ஆலைகளின் ஆண்டுப் பரிசோதனையில் இதைச் சேர்ப்பது பெரிய செலவு இல்லை. விதிகளில் இது தெளிவாக எழுதப்படுமா என்பதுதான் கேள்வி. மண்டியில் தினக்கூலிக்குக் கூடை பிரிப்பவர்களின் பெயர் எந்த ஆலையின் பதிவேட்டிலும் இருக்காது. அவர்களைத் தேடி ஊருக்குள் கண் முகாம் வந்தால்தான் உண்டு. அதுவரை ஓசூர் அல்லது கிருஷ்ணகிரி அரசு மருத்துவமனைக்குப் போய்ப் பார்க்க அவர்கள் ஒரு நாள் கூலியை விட வேண்டியிருக்கும்.